காரகோரத்தில் புதைத்த பார்லி

யார்க்கண்ட் குதிரைக்காரன் துர்தி அகுன், ஆங்கிலேயரின் தேயிலையை லடாக்கின் லே நகரிலிருந்து யார்க்கண்ட் சந்தைக்கு ஏற்றி வந்தான். போகும்போதே, திரும்பும் வழியில் குதிரைகளுக்குத் தீனியாகுமென்று கணவாயடியில் கற்களுக்குக் கீழே பார்லி மூட்டை புதைத்துவிட்டுப் போவது குதிரைக்காரர்களின் வழக்கம். அடுத்தவன் மூட்டையை எவனும் தொட்டதில்லை. திருடனுக்குக்கூட அங்கே வெட்கம் இருந்தது.

இம்முறை குழி காலி.

“ஓநாயா இருக்கும்ணே,” என்றான் கூட்டாளி நியாஸ்.

“எந்த ஓநாய்டா கல்லைத் திருப்பி அடுக்கி வெச்சிட்டுப் போகும்? ரஷ்யாக்காரன் சரக்கைச் சுமக்கிறவனுங்க வேலை. நம்ம தேயிலை சந்தைக்கு வரக் கூடாதாம்!”

பசித்த குதிரைகள் பனியை நக்கின. சற்றுத் தள்ளி, ரஷ்யச் சரக்குக்காரர்கள் சிவப்புத் துணி கட்டிவைத்த கற்குவியல் இருந்தது. துர்தி அதை நோக்கி நடந்தான்.

“வேணாம்ணே. திரும்பி வர்றப்ப அவனுங்க குதிரையெல்லாம் செத்துடும்.”

துர்தி மூட்டையை வெளியே இழுத்தான். பிறகு ஒரு கல் பிசகாமல், முன்போலவே அடுக்கி வைத்தான்.