கிணற்றில் குதிக்கிற மருமகள்

எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு கிணற்றில் குதிப்பது. இதைச் சொன்னதும் முகம் மாறுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மாறட்டும் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன்.

என் பிறந்த ஊர் கண்மாய்க் கரையில் இருந்தது. அங்கே ஓடியாடுகிற வயது வந்ததும் பிள்ளைகளின் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். ஆண், பெண் என்று பார்க்க மாட்டார்கள். வாக்கப்பட்ட ஊரோ கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த காடு. அங்கே பெண்களுக்கும் தண்ணீருக்கும் இடையில் எப்போதும் ஒரு குடம் இருந்தது.

என் கணவரும் அவருடைய அண்ணனும் செட்டியார் வீடுகளுக்குச் செங்கல் வண்டி ஓட்டினார்கள். ரங்கூனுக்குப் போனவர்கள் ஊர் ஊராக அரண்மனை மாதிரி வீடு எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வண்டியை அவிழ்த்துவிட்டால் அண்ணன் தம்பி இருவருக்கும் சாவடியில் ஆடுபுலி ஆட்டம், இல்லையென்றால் சேவல் சண்டை. ‘உடம்பு அலுப்பு’ என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது.

பெண்களுக்கும் இளைப்பாறல் உண்டு. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அந்தப் பெயர். “செத்த உக்காருத்தா” என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே கொட்டை எடுக்காத புளியை முறத்தோடு மடியில் வைப்பார்கள். பல்லாங்குழி ஆடலாமே என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பகலெல்லாம் கொட்டை பொறுக்குகிறவளுக்குச் சாயங்காலமும் கொட்டை பொறுக்குவதில் என்ன சுகம்?

ஒருநாள் உச்சி வெயிலில் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே கிணறு. தண்ணீர் இறைக்கிற மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லை. சேலையை வரிந்து கட்டினேன், குதித்தேன்.

என்ன சுகம்! தலைக்குள் விடிந்ததிலிருந்து இரைந்துகொண்டிருந்ததெல்லாம் சட்டென்று நின்றது. மாமியார் சொன்ன சுடுசொல், வேகாத பருப்பு, பிடுங்கப் பிடுங்க முளைக்கிற கோரை எல்லாம் மேலேயே தங்கிவிட்டன. நான் மட்டும் கீழே வந்திருந்தேன். கொஞ்ச நேரம் மல்லாந்து மிதந்துவிட்டு, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த கல்லுக்கு அடியில் நிழலாக ஒதுங்கிக்கொண்டேன்.

அங்கேதான் வந்தது வினை. தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி நான் குதித்ததைப் பார்த்திருக்கிறாள். ஓடிவந்து எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம். எங்கள் பக்கத்தில் மருமகள் கிணற்றில் குதித்தாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம். கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடியிருக்கிறாள். கிணற்றில் விழுந்த குடத்தைக் கொக்கி போட்டு எடுக்கிற பாதாளக் கரண்டி ஊரிலேயே ஒரு வீட்டில்தான் இருந்தது. ஈடாக ஒரு செம்பையாவது வாங்கி வைத்துக்கொள்ளாமல் அந்த வீட்டார் அதை வெளியே விட்டதே இல்லை. அன்று மட்டும் ஈடு கேட்காமல் கொடுத்தார்களாம். செத்தால்தான் மருமகளுக்கு அந்த மரியாதை.

காதெல்லாம் தண்ணீர். மேலே ஏதோ சலசலப்பு மட்டும் கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்கு முன்னால் கயிற்றில் பாதாளக் கரண்டி இறங்கியது. பாவம், யாரோ குடத்தைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து முங்கினேன். சேறு கலங்க அடியெல்லாம் துழாவிவிட்டு மேலே வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

“கொடம் ஒண்ணையும் காணமே! எங்குட்டுப் போட்டீக?”

படியேறி வந்தால் ஊரே நிற்கிறது. நடுவில் தலைவிரி கோலமாக மாமியார் தரையில் கிடந்தாள். “அப்புடி என்னதான் செஞ்ச அந்தப் பிள்ளைய?” என்று பெண்கள் அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை கோபமாக மாறியது.

“சாகப் போனியா, இல்ல என்னையச் சாகடிக்கப் போனியா?”

“குளிச்சேன் அத்தை. அலுப்பாருந்துச்சு.”

“குடும்பப் பொம்பளைக்கு என்ன அலுப்பு?” என்றார் கணவரின் அண்ணன். அவர் அப்போதுதான் சாவடியிலிருந்து வந்திருந்தார். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கொடுமக்காரின்னு ஊரே சொல்லிருச்சு. இனிமே கெணத்துப் பக்கம் போன, கால ஒடிச்சுப்புடுவேன்” என்றாள் மாமியார்.

அடங்கிப் போ என்று சொல்லித்தான் என் அம்மா அனுப்பியிருந்தாள். அடங்கித்தான் இருந்தேன், தண்ணீரில் இறங்குகிற வரைக்கும். “நாளைக்கும் குதிப்பேன். பேரு கெட்டுப்போகும்னு பயந்தா நீங்களும் வந்து மேட்டுல ஒக்காருங்க. மாமியா காவலுக்கு இருக்கான்னு பாக்குறவுக தெரிஞ்சுக்கிருவாக” என்றேன்.

அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. மறுநாள் குதித்தேன்.

மாமியார் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடிவந்தாள். எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு, வரப்பில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள்: “குளிக்கிறா! சும்மாதான் குளிக்கிறா!”

அதுவே வழக்கமாகிவிட்டது. முதலில் நான் மேலே வரும்வரை திட்டிக்கொண்டிருப்பாள். முங்கிவிட்டால் ஒன்றும் கேட்காது. பிறகு திட்டு குறைந்தது. வெற்றிலைப் பை வந்தது. வேப்பமர நிழலுக்கு இடம் மாறி உட்கார்ந்தாள். ஒருநாள் ஈரச் சேலையோடு படியேறி வந்தபோது பார்த்தேன். காலை நீட்டிப்போட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, ஒன்றுமே செய்யாமல் இருந்தாள். மடியில் முறம் இல்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. சத்தம் போடாமல் திரும்பி இறங்கி இன்னொரு முங்கு போட்டேன்.

சாவடியில் யாரோ கேலி செய்திருக்க வேண்டும். கணவரின் அண்ணன் ஒரு காலையில் கருவேல முள்ளை வெட்டிக் கொண்டுவந்து கிணற்றுப் படியை அடைத்துவிட்டார். மத்தியானம் நாங்கள் போனபோது அரிவாளும் கையுமாக அங்கேயே நின்றார். அன்று அவரை ஒரு பிடி பிடிப்பதென்று வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் கவைக்கம்பை எடுத்து முள்ளை இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டாள். கையில் கீறி ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

“அவளுக்குத்தான் கிறுக்கு. ஒனக்கு என்னாத்தா வந்துச்சு?” என்று அவர் கத்தினார்.

கடைசி முள்ளையும் இழுத்து எறிந்துவிட்டுத்தான் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவ குதிச்சாத்தாண்டா நான் ஒக்கார முடியும்.”

நான் சேலையை வரிந்து கட்டினேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப்போய், அவர் பார்க்கப் பார்க்க, ஓடிவந்து குதித்தேன்.