தும்மிய பாவு மூட்டை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதப் பிற்பகலில், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஆறு வந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுப் பட்டுத் தறியில் உட்கார்ந்தவன். மனைவி ஐயம்பேட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது நானும் ஆறு வயது மகளும்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவள் இருமினால் எனக்குக் காய்ச்சல் வரும்.

மூன்று நாள் மழையில் வேகவதி கரை புரண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தறிக்குழியை நிரப்பிவிட்டது. மகளைத் தூக்கிப் பரணில் உட்கார வைத்தேன். "அசையாம இரு, தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, தறியில் பூட்டியிருந்த பாவை, அதாவது நீளவாட்டுப் பட்டு இழைகளை, அவிழ்த்துச் சுருட்டி வெள்ளை வேட்டியில் மூட்டையாகக் கட்டினேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருக்கோடி மாடி வீட்டுக்கு ஓடினேன். முதலாளி கொடுத்த பட்டு, முகூர்த்தப் புடவை. வெள்ளம் என்றால் நெசவாளியின் கை தானாக அங்கேதான் போகும். திரும்பி வந்து ஜரிகையை எடுத்துப் போனேன். மறுபடி வந்து டிசைன் அட்டைகளை எடுத்துப் போனேன். நான்காவதாக மகளுக்காக இறங்கியபோது தெருவில் மார்பளவுத் தண்ணீர் சுழித்து ஓடியது. கயிறு வரும்வரை நாலு பேர் என்னை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், உட்கார வைத்த இடத்திலேயே இருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "நான் அசையவே இல்லப்பா" என்றாள். தெருவே அவளைத் தைரியசாலி என்றது. நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. வானம் கறுத்தால் பிள்ளையைக் காணோம். முதல் தடவை தெரு முழுக்கத் தேடி, கடைசியில் பரணில் கண்டுபிடித்தோம். என் வேட்டியைத் தலைமுதல் கால்வரை சுற்றிக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே விட்டுக் கிடந்தாள். "பூனைன்னு நெனச்சி தொடப்பத்த எடுத்தேங்க!" என்றாள் பக்கத்து வீட்டம்மா. மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம். கம்பவுண்டர் டானிக் கொடுத்தார். பயம் போகவில்லை, பசிதான் வந்தது. அடுத்த மழைக்குள் மூட்டை சற்றுப் பருத்திருந்தது.

எல்லோரும் சிரித்தோம். நான் அதை ஒரு கதையாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் முதலாளி வந்தார். இடி முழங்கிக்கொண்டிருந்தது. தறியோரம் கிடந்த வெள்ளை மூட்டையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்.

"இன்னாபா இது? பாவு குடுத்து எத்தினி நாளாச்சி, இன்னும் ஏத்தாம மூட்டையாவே வெச்சிக்கினு இருக்கற?" என்று குடை நுனியால் ஒரு குத்துக் குத்தினார்.

மூட்டை தும்மியது.

அவர் துள்ளிய துள்ளலில் குடை தானாக விரிந்துகொண்டது. வாயிலிருந்த வெற்றிலை சட்டையெல்லாம் தெறித்தது. "ஐயோ, பாவு தும்முதுபா!" என்று அவர் வாசலுக்கே போய்விட்டார். என் மனைவி சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்தபடியே மூட்டையைப் பிரித்து, "ஏம்மா, ஒளியறதுக்கு வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?" என்றேன்.

"ஒளியலப்பா" என்றாள். "வெள்ளம் வந்தா நீ மொதல்ல பாவு மூட்டையத்தானே தூக்கிக்கினு போவ? அதான்."

சிரிப்பு எப்படி நின்றது என்று தெரியவில்லை. முதலாளி குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து முதல் துளி விழுந்ததும் தறியை அப்படியே விட்டுவிட்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விடுவேன். தூறலோ, அடைமழையோ, எதுவானாலும் சரி. தெருவில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. "மாமா கெளம்பிட்டாருடி, துணிய எடு!" என்று கொடியிலிருந்து துணிகளை எடுக்கிறார்கள். இப்போது அவளுக்குப் பத்து வயது. என் முதுகு வலிக்கிறது; அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. "எறக்கி உடுப்பா, எல்லாரும் சிரிக்கறாங்க!" என்று காதைத் திருகுகிறாள். வேட்டி சுற்றிக்கொள்வது எப்போதோ நின்றுவிட்டது. எல்லாம் மறந்துவிட்டாள் என்கிறாள் என் மனைவி.

இருக்கலாம். ஆனால், நான் பட்டைக் காப்பாற்றப் போன அந்த இரண்டு மணி நேரம் பரணில் தனியாக உட்கார்ந்து என்ன நினைத்தாய் என்று அவளைக் கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.