மறையூருக்கு ஒரு ட்ரிப்

மூணாறு ஸ்டாண்டில் ஜீப்போடு டூரிஸ்ட்டுக்காகக் காத்திருந்தபோது போன் வந்தது. “தம்பி, உங்க அண்ணன் போயிட்டாக” என்றார் மதினி. மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்த செய்திதான். ஆனாலும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன்.

தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் எஸ்டேட் டீ பேக்டரியில் வேலை பார்த்த பரமசிவம் அண்ணனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். மதினியிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து குடித்தவர்கள். பிறகு அவர் திடீரென்று நிறுத்திவிட்டார், காரணம் சொல்லவில்லை. நான் நிறுத்தவில்லை. என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்ட வாரம், அவர் எஸ்டேட் லயத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “மாரி, ஞாயித்துக்கிழமை மறையூருக்கு ஒரு ட்ரிப் போகணும். ஆனா ஒண்ணு. வண்டி ஓட்டுறவன் காலைலருந்து தொட்டிருக்கக் கூடாது.” புத்தி சொல்லியிருந்தால் விரட்டியிருப்பேன். அவர் சொன்னது வேலை. பஸ் போகிற ஊருக்கு எதற்கு ஜீப் பிடித்தார் என்பதே எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

மறையூரில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கட்டிடத்துக்குள் போய், ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். நான் ஜீப்பிலேயே இருந்தேன். இப்படி மூன்று ஞாயிறு. மூன்றாவது வாரம், தன் மகளின் கல்யாணத்தன்று குடித்துவிட்டு எங்கே விழுந்து கிடந்தார் என்று உள்ளே ஒருவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. நான்காவது வாரம் உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டம் அது. ஒருவர் எழுந்து, “என் பேர் இன்னது, நான் ஒரு குடிகாரன்” என்பார். எல்லோரும் அவர் பேரைச் சொல்லி வணக்கம் சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வர இரண்டு மாதம் ஆனது.

எங்கள் பக்கத்திலேயே மலையாளத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது. இந்தத் தமிழ்க் கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். “மலையாளத்துல எனக்கு லீவு கேக்கத் தெரியும், சண்டை போடத் தெரியும். அழத் தெரியாதுப்பா” என்றார்.

கூட்டத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. குடிகாரன் என்று தெரிந்தால் எந்த ரிசார்ட் என்னை நம்பி டூரிஸ்ட்டை ஏற்றிவிடும்? குடல்புண், மருந்து, பத்தியம் என்று ஊரில் சொல்லிவைத்தேன். “ஏழு வருசமா ஒரே பத்தியமா? டாக்டர மாத்துடா” என்று அண்ணன் சிரிப்பார். குடியை விட்டு வருடம் நிறைகிறவர் அன்றைய கூட்டத்துக்குக் குடும்பத்தையும் அழைத்து வரலாம். மதினி ஒவ்வொரு வருடமும் வந்து, எல்லோரோடும் சேர்ந்து அவருக்கு வணக்கம் சொல்வார்.

எங்கள் லயங்களில் சாவுக்குக் குழி வெட்டப் போகிறவர்களுக்குச் சாராயக் குப்பி கொடுத்தனுப்புவது வழக்கம். அதைப் பற்றி அண்ணன் சொல்வார்: “எனக்குக் குழி வெட்டுறவன் தெளிவா இருக்கணும் மாரி. கோணலா வெட்டிட்டான்னா அப்புறம் கோணலாவே படுத்துக் கிடக்கணும்.”

ஈரல் கெட்டது பழைய குடியால். நிறுத்திப் பத்து வருடம் ஆகியும் அது அவரை விடவில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் படுத்தவரைப் பார்த்து, ஒளித்துக் குடித்திருக்கிறார் என்று ஊர் பேசியது. அவர் காதிலும் விழுந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உடலை வாசலில் கிடத்தியிருந்தபோது, மதினியின் தம்பி குமார் தள்ளாடியபடி வந்து ஒரு குப்பியைத் தலைமாட்டில் வைத்தான். “அத்தானுக்குப் பிடிச்சது. கடைசி வரைக்கும் விட முடியல, பாவம். ஒரு சொட்டு வாயில விடுங்க” என்று அழுதான். எதிரே, எனக்கு ட்ரிப் தரும் ரிசார்ட் மேனேஜர் மாலையோடு நின்றிருந்தார். நான் குப்பியை எடுத்தேன். மூடி திறந்திருந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த வாசனை என் கையில் இருந்தது.

“அண்ணன் பத்து வருசமாத் தொடல. எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை நாங்க எங்க போனோம்னு எனக்குத் தெரியும்” என்றேன். “என் பேர் மாரியப்பன். நான் ஒரு குடிகாரன்.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் தம்பி என்றே கூப்பிட்டவர்.

“வணக்கம், மாரியப்பன்” என்றார்.

குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு மம்பட்டியோடு குழி வெட்டப் போனேன். மறையூர்க் கூட்டத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நால்வரும் கயிறு பிடித்து வெட்டினோம். கோணவில்லை அண்ணே.

மேனேஜர் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு தந்திரம் மட்டும்தான். போன சனிக்கிழமை குமாரிடம் போய், “ஜீப்பு மக்கர் பண்ணுதுடா. நாளைக்கு மறையூர் போகணும், தள்ள ஒரு ஆள் வேணும். ஆனா காலைலருந்து தொடாம வரணும்” என்றேன். வந்தான். கூட்டம் முடியும்வரை வெளியே ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான். நானும் முதலில் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன், அண்ணே.