கம்ப்யூட்டருக்கு வந்த வெக்கை

அந்த வருஷம் எங்கள் வீட்டில் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, கல்யாண வீடியோக்காரர் என்று பெயர். அதுவரை அவர் ஒரு கல்யாணத்தைக்கூட உருப்படியாக எடுத்துக் கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம். படிப்பை முடித்துவிட்டு எங்களோடு தங்கியிருந்தவரை, போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே அனுப்பிவிடுவதாக அப்பா பேசி வைத்திருந்தார். நாமக்கல் பக்கத்தில் வேலை அமையாத பையன்களுக்கெல்லாம் கடைசியில் ரிக் வண்டிதான். போனவர்கள் தீபாவளி, பொங்கல் என்று நோம்பிக்கு நோம்பி கறுத்து மெலிந்து வந்து நிற்பார்கள்.

மாமா கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தவணை வாங்கியிருந்தார். பங்காளி வீட்டுக் கல்யாணத்தை எடுத்திருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாட்டுக்குக் கிளம்பும் நாள் சாயங்காலத்துக்குள் டிவிடி போட்டுக் கொடுத்துவிட்டால் ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ரிக். எனக்கு ஒன்பது வயது. என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதற்கு மாமாவை விட்டால் ஆள் கிடையாது. ஆகவே நான் மாமா கட்சி.

கம்ப்யூட்டர், ஒரு லாரி ஆபீஸில் கழித்துப் போட்டது. வீடியோவை டிவிடியாக மாற்றச் சொன்னால், இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் திரையில் காட்டியது. மாமாவுக்கு இருந்ததோ ஒரு நாள். பிராசஸரின் வேகத்தைக் கூட்டிவிடுவது என்று முடிவு செய்தார். அதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கு அதை விளக்கவும் செய்தார்.

“கம்பெனிக்காரன் வேகத்தக் கம்மியா வெச்சு அனுப்பியிருக்கானுங்க மச்சான். நாம கொஞ்சம் ஏத்திக்கலாம்.”

கோழிப்பண்ணைக்காரரான அப்பா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “கோழிக்கு லைட்டுப் போட்டு, பகலை நீட்டி முட்டை வாங்கற மாதிரி?”

“அதேதானுங்க.”

“அப்பத் தீனியும் சேத்திப் போடோணுமல்ல மாப்ள?”

“அதுக்குத்தானுங்க வோல்ட்டேஜ் ஏத்தறது.”

“தின்னா சூடாகுமே.”

மாமா ரசம் கேட்டார்.

மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பமானது. வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவார், ஓடும். இன்னும் கொஞ்சம் ஏற்றுவார், திரை நீலமாகி அப்படியே நின்றுவிடும். ஒரு தடவை கம்ப்யூட்டர் கண்ணையே திறக்கவில்லை. மாற்றிய வேகத்தையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும் வட்டப் பேட்டரியை உள்ளிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, இதைத் தொலைத்தால் நான் ரிக்குக்குத்தான் போகணும் என்றார். மூச்சுக்கூட விடாமல் மூடி வைத்திருந்தேன். பேட்டரியைத் திரும்பப் போட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. பிராசஸரோடு சேர்ந்து மெமரியின் வேகமும் ஏறிவிடுவதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் இறக்கி வைத்தார். பிறகு நீலத்திரை வரவில்லை. சாயங்காலத்துக்கு முன் முடிந்துவிடும் என்று திரை சொன்னது. மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

சித்திரை வெயில் உச்சிக்கு வந்ததும் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. தொட்டால் இட்லிப் பானை மாதிரி கொதித்தது. வேகத்தைக் குறைத்தால் நேரத்துக்கு முடியாது. குறைக்காவிட்டால் சூடு தாங்காது. அம்மா நனைத்த சாக்கை ஜன்னலில் கட்டினாள். டேபிள் ஃபேனை வைத்தாள். திரும்பவும் அணைந்தது. மாமா தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். இனிமேல் ஒரு தடவை அணைந்தால் கதை முடிந்தது.

அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் கோழி ஷெட்டில் இருந்த பெரிய ஃபேன்கள் இரண்டில் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

“ஏனுங்க, கோழிக்கு வேண்டாமுங்களா?” என்றாள் அம்மா.

“ஒன்னு ஓடுதல்ல.”

சுவிட்சைப் போட்டதும் வீடே வெள்ளையாகிவிட்டது. ஃபேன் கம்பியில் சேர்ந்திருந்த கோழி இறகும் தீவனத் தூசியும் மொத்தமாகக் கிளம்பி, மூடி திறந்திருந்த கம்ப்யூட்டருக்குள் போய் அடைந்தன. மாமாவின் புருவம், மீசை எல்லாம் இறகு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இறகாக எடுத்தார். அப்பா தன்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து ஃபேன் முகத்தில் கட்டினார். அப்புறம் கம்ப்யூட்டர் அணையவில்லை. சூட்டைக் காட்டும் எண் இறங்க இறங்க நான் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா ஷெட்டுக்குப் போய்விட்டார்.

பொழுது சாயும்போது டிவிடி வெளியே வந்தது. மாமா அதை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தார். சந்தோஷத்தில் நான் ஷெட்டுக்கு ஓடினேன். அப்பாவும் வேலைக்காரரும் ஒரு சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குழிப் பக்கம் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சில சாக்குகள் கிடந்தன. ஒன்றின் வாயில் வெள்ளைச் சிறகு நீட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா, மாமா ரிக்குக்குப் போக வேண்டாந்தான?”

“வேண்டாஞ் சாமி. ஊட்டுக்குப் போ.”

கூடவே சிரிக்க வேண்டியவர் சிரிக்காதது எனக்குக் கோபமாக இருந்தது. திரும்பி வந்த மாமாவும் ஷெட்டைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். ஃபேனைத் தானே சுமந்துபோய் மாட்டினார். அன்றைக்குச் சாப்பிடவும் வரவில்லை. பாவம், அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு இப்போது நாமக்கல்லில் சொந்த ஸ்டுடியோ இருக்கிறது. நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். சித்திரை வந்தால் அப்பாவுக்குப் போன் போட்டுக் கோழிகளை விசாரிப்பேன். ஒரு நாள், உச்சி வெயிலில் ஒரு ஃபேன் நின்றாலும் போச்சு, கோழியெல்லாம் கும்பலாகச் செத்துச் சாய்ந்துவிடும் என்று சாதாரணமாகச் சொன்னார். அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அன்றைக்கு அப்பா கொண்டுவந்தது ஷெட்டில் சும்மா கிடந்த ஃபேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.