முதல் சுற்றில் யார் யாரை எடுப்பார்கள்

கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. இரண்டாயிரங்களின் நடுவில் நான் அங்கே வேலை பார்த்தேன். பன்னிரண்டாவது வரை படிப்பு, அதன்பிறகு டைப்ரைட்டிங்கில் லோயர். ஆட்களோடு பேசுவதென்றால் எனக்குக் கூச்சம். ஆனால் அந்த வேலைக்குப் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. வந்தவருக்கு எந்த கேபின் என்று கையைக் காட்டினால் போதும். கூட்டம் இல்லாத நேரத்தில் முன் மேஜைக் கம்ப்யூட்டர் என்னுடையது. அதில் நான் ஒரு ஐஸ் ஹாக்கி அணியை நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த அணி முதலில் ஒரு இன்ஜினியருடையது. கெமிக்கல் கம்பெனி ஒன்றில் வேலை செய்தார், தெற்கத்திக்காரர். இன்டர்நெட்டில் ஒரு லீகில் சேர்ந்திருந்தார். நிஜ லீக் இல்லை. ஆட்டக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் உண்டாக்கிய ஆட்கள். பெயர், வயது, உயரம், வேகம், ஷாட் அடிக்கும் திறமை என்று எல்லாவற்றையும் எண்களாகப் போட்டு வைத்திருப்பார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருந்த பன்னிரண்டு மேனேஜர்கள் ஆளுக்கு ஓர் அணி வைத்திருந்தார்கள். இன்றைக்கு எந்த லைனில், அதாவது சேர்ந்து இறங்குகிற எந்த செட்டில், யார் யாரை இறக்குவது என்று எழுதி அனுப்பினால், கம்ப்யூட்டரே ஆட்டத்தை நடத்தி முடிவைப் போட்டுவிடும்.

இன்ஜினியருக்கு ஷிஃப்ட் மாறியபோது என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, வாரத்துல ரெண்டு நாள் என்னால வர முடியாது. இந்த லைனை மட்டும் அனுப்பி விட்டுருங்க. சும்மா ஒரு கிளிக்குதான், பாத்துக்கிடுங்க."

வாரம் இரண்டு நாள் என்பது சீக்கிரமே வாரம் முழுவதும் ஆகிவிட்டது. யாரை யாரோடு ஜோடி சேர்த்தால் கோல் விழுகிறது, எந்த வயசாளி ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில் தளர்ந்துபோகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. இன்ஜினியர் ஞாயிற்றுக்கிழமை வந்து அட்டவணையைப் பார்ப்பார். "அக்கா, நாம மேல ஏறிட்டோம் போலயே" என்பார். நான் சிரித்துக்கொண்டு கேபினைக் காட்டுவேன்.

பிறகு அவருக்கு வடக்கே வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்தினம் வந்து, "டீமை விட்டுட்டேன்னு எழுதிப் போட்டுட்டேங்க்கா. இனிமே எங்க நேரம் இருக்கப் போவுது" என்றார், கேஸ் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரி. அதை எனக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்க வாய் வரவில்லை.

அடுத்த நாளே லீகை நடத்துகிறவர் அறிவிப்புப் போட்டார். காலியான அணி வேண்டுமென்பவர்கள் ஒரு போட்டியில் கலந்துகொள்ளலாம். வருகிற டிராஃப்ட்டில், முதல் சுற்றின் பன்னிரண்டு முறையிலும் எந்த மேனேஜர் எந்த ஆட்டக்காரனை எடுப்பார் என்று வரிசையாக எழுத வேண்டும். ஒருவன் பெயரை ஒரு தடவைதான் எழுதலாம். பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வெள்ளிக்கிழமைக்குள் போட வேண்டும். யார் பட்டியலில் அதிகம் சரியாக இருக்கிறதோ அவருக்கு அணி. எங்கள் அணிக்கு அந்த வருடம் முதல் சுற்றில் முறை கிடையாது. இன்ஜினியர் அதை முன்பே ஒரு வயதான கோல்கீப்பருக்காக இன்னோர் அணிக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அதில் சம்மதமே இல்லை.

சென்டரின் முதலாளி பழவேற்காட்டுக்காரர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்திலேயே அவருக்கு ஹார்டுவேர் கடை. மாலையில் வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரெண்டு நாளா மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"டீம் போவுது பாய்."

"எந்த டீமு? உன் ஐஸ் கம்பெனியா?"

விவரத்தைச் சொன்னேன். டிராஃப்ட் என்றால் என்ன என்று கேட்டார். "இன்ஜினியரிங் கவுன்சிலிங் மாதிரி பாய். அங்க பசங்க வரிசையா வந்து காலேஜை எடுக்கறாங்க. இங்க காலேஜு வரிசையா வந்து பசங்கள எடுக்குது. போன வருஷம் கடைசியா வந்த டீமுக்கு மொதோ முறை."

"அந்தப் பசங்களும் கம்ப்யூட்டர்ல கீறவங்கதான?"

"ஆமா பாய்."

"சரி. இல்லாத பசங்கள எவன் எவன் எடுப்பான்னு நீ சரியா சொன்னா, இல்லாத டீம உனக்குக் குடுப்பாங்கோ."

"அந்த டீமு கீது பாய்" என்றேன்.

பாய் கல்லாவைப் பூட்டிக்கொண்டே சிரித்தார். "நீ கோவப்பட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன். எடு, எடு. உட்றாதே."

கவுன்சிலிங் என்று நான் சொன்னது வெறும் உதாரணத்துக்காக இல்லை. கவுன்சிலிங் மாதங்களில் எங்கள் சென்டரில் உட்கார இடம் இருக்காது. இன்றைக்கு எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். "காலேஜ் எதுவானாலும் பரவால்ல, கோர்ஸ்தான் முக்கியம்" என்று அப்பா சொல்வார். ஆனால் அவர் விரல் திரும்பத் திரும்ப பஸ் வசதி உள்ள கல்லூரியில் போய் நிற்கும். பெண்ணை ஹாஸ்டலில் விட மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிடும். பேசாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படும். நான் மனதில் நினைத்த கல்லூரி பெரும்பாலும் தவறியதில்லை.

போட்டிக்கு வந்த மற்றவர்கள் ஆட்டக்காரர்களின் எண்களைத்தான் பார்த்தார்கள். எண் அதிகம் உள்ளவன் முதலில், அதற்கடுத்தவன் இரண்டாவது என்று அடுக்கிப் பட்டியல் போட்டார்கள். நான் ஆட்டக்காரர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, மேனேஜர்களைப் படித்தேன். பழைய டிராஃப்ட்டுகளில் அவர்கள் எழுதியதெல்லாம் அங்கேயே கிடந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னார், கடைசியில் யாரை எடுத்தார் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

இரண்டாவது முறைக்காரர் ஒவ்வொரு வருடமும் வேகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இருப்பதிலேயே உயரமானவனை எடுத்திருந்தார். நான்காவதுகாரர் எந்த டிராஃப்ட்டுக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. வராதவருக்கு அதிக எண் உள்ளவனைக் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்துவிடும். அவரைவிடச் சுலபமான ஆள் கிடையாது. ஆறாவதுகாரர் போன சீசனில் கோல்கீப்பர் சொதப்பியதால் தோற்றவர். அந்தப் புலம்பலை அவர் இன்னும் நிறுத்தவில்லை. இருந்த இரண்டு கோல்கீப்பர்களில் நல்லவனை அவர்தான் எடுப்பார்.

சிக்கல் ஐந்தாவதுகாரரிடம் இருந்தது. அவர் ஒரு வீம்புக்காரர். முந்தைய இரண்டு டிராஃப்ட்டிலும், அவர் யாரை எடுப்பார் என்று யாராவது சொல்லிவிட்டால் வேண்டுமென்றே வேறு ஆளை எடுத்திருந்தார். இந்தத் தடவை அவருக்குத் தேவைப்பட்டது ஒரு டிஃபெண்டர் அல்லது அந்த நல்ல கோல்கீப்பர். மற்ற போட்டியாளர்கள் எல்லாரும் அவருக்கு ஒரு ஃபார்வர்டை எழுதியிருந்தார்கள். ஆகவே அந்த ஃபார்வர்டை அவர் தொட மாட்டார். என் கணக்குப்படி அவர் எடுக்கப்போவது டிஃபெண்டர். ஆனால் நான் டிஃபெண்டர் என்று எழுதினால், அதைப் படித்துவிட்டு கோல்கீப்பரிடம் போய்விடுவார். கோல்கீப்பர் போய்விட்டால் ஆறாவதுகாரர் ஆத்திரத்தில் இன்னொரு கோல்கீப்பரை எடுப்பார். அந்த இரண்டாவது கோல்கீப்பரை நான் பதினொன்றாவதுகாரருக்கு வைத்திருந்தேன். டிஃபெண்டர் நழுவி ஏழாவதுகாரரிடம் விழுவான். அதன்பிறகு என் பட்டியல் முழுவதும் கலைந்துபோகும்.

வியாழக்கிழமை புதுவாயல் ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது வழி புரிந்தது. ஐந்தாவது இடத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. அதை விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான். வேறு யார் பெயரை எழுதினாலும் அவர் கோல்கீப்பர் பக்கம் சாயக்கூடும்; கோல்கீப்பரையே அங்கே எழுதிவிட்டால் நிச்சயம் எடுக்க மாட்டார், டிஃபெண்டரிடம்தான் போவார். ஒருவன் பெயரை ஒரு தடவைதான் எழுத முடியும் என்பதால், ஆறாவது இடத்தில் டிஃபெண்டரை எழுத வேண்டியிருக்கும். அதுவும் தவறாகிவிடும். இரண்டு இடம் போனால் போகட்டும், மற்ற பத்தும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை பட்டியலைப் போட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி காரணம் எழுதினேன். ஐந்தாவதற்கு மட்டும், 'கோல்கீப்பர். இவருக்கு வேறு வழியே இல்லை' என்று எழுதினேன். மதியத்துக்குள் அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. 'என் வேலையை எனக்கே சொல்லித் தருகிறாயா, தம்பி?' லீகில் நான் வைத்திருந்த பெயரைப் பார்த்து எல்லாரும் என்னை ஒரு பையன் என்று நினைத்திருந்தார்கள். நான் பதில் எழுதவில்லை. எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது.

டிராஃப்ட் அவர்களுக்குச் சனிக்கிழமை மாலை, நமக்கு ஞாயிறு காலை. சீக்கிரமே போய் ஷட்டரைத் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் பாய் நாஷ்டா பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியாது. ஆனா யார் ஜெயிக்கறாங்கன்னு சொல்லு."

முதல் மூன்றும் நான் எழுதியபடியே வந்தன. நான்காவதுகாரர் வழக்கம்போல் வரவில்லை, கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்தது. ஐந்தாவதுகாரரின் முறை வந்தது. அவர் வந்திருந்தும் பெயரைப் போடாமல் நேரத்தைக் கடத்தினார். நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

"இவன்தான் அந்த வீம்பு புச்சவனா?"

"ஆமா பாய்."

"நீ எழுதனத படிச்சிருப்பானா?"

"படிச்சி பதிலும் போட்டான்."

இட்லியைப் பிட்ட கையோடு பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தது: டிஃபெண்டர். கீழே, எனக்கென்றே ஒரு வரி. 'கோல்கீப்பரை வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும்.'

பாய் என் பட்டியலையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உன் பேப்பர்ல வேற பேரு கீதே. தப்பாப் பூட்ச்சா?"

"தப்பாவணும் பாய். அப்பத்தான் மத்தது நிக்கும்."

"இது இன்னாம்மா பேஜாரு. தப்பானா சிரிக்கறே."

ஆறாவதுகாரர் யோசிக்கக்கூட இல்லை, உடனே கோல்கீப்பரை எடுத்தார். ஏழு, எட்டு என்று வரிசையாக என் பட்டியலில் இருந்த பெயர்களே வந்தன. பதினொன்றாவதுகாரருக்கு அந்த இரண்டாவது கோல்கீப்பர். பன்னிரண்டாவது மட்டும் தவறியது. அந்த மேனேஜர் தன் சின்ன மகளை ஒரு பெயரைத் தொடச் சொன்னாராம், அவள் தொட்டவனை எடுத்துக்கொண்டாராம். அதை யார் கணிக்க முடியும்? ஒன்பது சரி. எனக்கு அடுத்து வந்தவருக்கு ஐந்துதான்.

லீகை நடத்துகிறவர் எழுதினார்: 'அணி உங்களுடையது. இரண்டாம் சுற்று உடனே தொடங்குகிறது. மூன்றாவது முறை உங்கள் அணிக்கு.'

"ஜெயிச்சிட்டியா?" என்றார் பாய்.

"ஜெயிச்சிட்டேன். இப்ப நான் எடுக்கணும்."

அந்த நேரம் பார்த்து ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் பார்க்க வேண்டுமாம், ஒரு கம்ப்யூட்டர்கூட இன்னும் போடவில்லையா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

"அஞ்சு நிமிஷம் உக்காருங்க சார்" என்றேன். என் குரல் தெளிவாகவே இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே எழுந்துபோய் ஒரு கேபினைத் திறந்துவிட்டார்.

எங்கள் முறை வந்தது. யாரை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடது பக்கம் ஆடுகிற ஒரு குள்ளமான பையன் இருந்தான். வேகத்தைத் தவிர மற்ற எண்கள் சுமார், உயரத்தைப் பார்த்தே எல்லாரும் அவனைத் தாண்டிப் போயிருந்தார்கள். எங்கள் இரண்டாவது லைனில் வேகமாக ஓடுகிற ஆள் இல்லை என்பது தினமும் அந்த லைனை அனுப்பி வந்த எனக்குத்தான் தெரியும். அவன் பெயரை டைப் செய்து அனுப்பினேன்.

வீம்புக்காரர் உடனே கேட்டார்: 'இவனா? ஏன்?'

இந்தத் தடவை பதில் எழுதினேன். 'என் அணிக்கு இவன் தேவை.'