வாசலைப் பார்த்த கப்பல்

பழைய கடற்சண்டை ஓவியங்களப் பாத்து, அப்படியே கையால வரைஞ்சு விக்கிறதுதான் நம்ம பொழப்பு.

சிதம்பரத்துல துணிக்கடை வெச்சிருக்கிற மாமா தன் வீட்டு ஹால்ல ஒரு சுவத்தக் காட்டி, அதுல மாட்ட ஒண்ணு கேட்டாரு. "கப்பல் வாசலப் பாத்துப் போனா காசும் கூடவே போயிடும் மாப்ள. உள்ள வர்ற மாதிரி திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன்.

பெயிண்ட் முழுசாக் காயல. அதனால இன்னிக்கு கவர் போடாம, மடியில வெச்சுகிட்டு கடலூர்ல பஸ் ஏறுனேன். பக்கத்துல காலி மீன் கூடையோட உக்காந்திருந்த அக்கா எட்டிப் பாத்தாங்க.

"ஏம்பா, கப்பல் பாய் முன்னால உப்பி நிக்குது, கொடி பின்னால பறக்குது. காத்து எந்தப் பக்கம்தான் அடிக்குது?"

படத்த உத்துப் பாத்தேன். கப்பலத் திருப்புனவன் கொடியத் திருப்பல!

மாமாகிட்ட பயந்துகிட்டே குடுத்தேன். அவரு கொடியப் பாக்கவே இல்ல. "சூப்பர் மாப்ள!"ன்னு உடனே மாட்டிட்டாரு.

எதிர் சுவத்துல. முதல்ல சொன்ன சுவத்துல ஏசி வந்துடுச்சாம்.

இப்ப கப்பல் நேரா வாசலுக்குப் போவுது. கொடி மட்டும்தான் வீட்டுக்குள்ள பாக்குது.

போட்ட பிரியாணியச் சாப்ட்டு, வாய மூடிகிட்டு வந்துட்டேன்.

நீங்களே சொல்லுங்க மக்களே. மாமாகிட்ட உண்மையச் சொல்லவா, இல்ல ஏசிய எதிர் சுவத்துக்கு மாத்த ஆள் பாக்கவா?