இரண்டாவது அடி

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கதை கட்டுகிற வேலை எனக்குத் தெரியாது, நட்டு முடுக்கத்தான் தெரியும். "ஓட்டினது உன் தங்கச்சி, நீ தரையில நின்னவன்தானே?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

என் தங்கை விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பன்னிரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. நான் அதே பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக். அன்று அவள் ஓட்டி வந்தது எழுபது வருஷத்துப் பழைய விமானம். பள்ளிக்கென்று அப்போதுதான் வாங்கியிருந்தோம். முன்னால் பெரிய சக்கரம் இரண்டு, வாலுக்கடியில் குட்டிச் சக்கரம் ஒன்று. முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கை. தனியாக ஓட்டுகிறவர் பின்னால்தான் உட்கார வேண்டும். விமானத்தை ஏற்றி இறக்க இருக்கைக்கு ஒரு ஸ்டிக், வாலைத் திருப்ப ஒரு ஜோடி பெடல். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. பின்னால் அசைத்தால் முன்னாலும் அசையும்.

பறக்கும்போது பரம சாது. இறங்கும்போது பக்கக் காற்று அடித்தால் தொலைந்தோம். கண் மூடித் திறப்பதற்குள் வால் சுழன்று முன்னால் வந்துவிடும், இறக்கை தரையில் குத்தும்.

மதியம் 3:38. ரேடியோவில் கூப்பிட்டேன்.

"காத்து எகிறுது. இருபதுங்குது, உடனே முப்பத்தஞ்சுங்குது. பெட்ரோல் எவ்ளோ இருக்கு?"

"பதினஞ்சு நிமிஷம்."

"அப்ப வேற எங்கயும் போக முடியாது. இங்கயே இறங்கு."

"தெரியுது, அண்ணா. பேசாம இரு."

3:44. டக்... என்று ஒரு சத்தம். முன் இருக்கை காலி. அதன் பெல்ட் தொங்கி ஸ்டிக்கில் சிக்கிவிடக் கூடாது என்று, கிளம்பும் முன் அவளே இறுக்கிப் பூட்டியிருந்தாள். அது கழன்றது. தளர்ந்தது. பிறகு, டக்... மறுபடி பூட்டிக்கொண்டது. ஓர் ஆளின் இடுப்பு அளவுக்கு.

காற்று உலுக்கியதில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

3:47. விமானத்தின் மூக்கு கனத்தது. முன்னால் ஆள் உட்கார்ந்தால் கனக்குமே, அதே கனம்.

3:49. வியர்வை வாடை. பயந்தவனின் வியர்வை. பன்னிரண்டு வருஷம் கற்றுக்கொடுத்தவளுக்கு அது தெரியாதா?

நிமிர்ந்து பார்த்தாள்.

இருக்கைக்கு மேலே ஒரு பிடரி. ஒட்ட வெட்டிய முடி. நனைந்த காலர்.

அவன் திரும்பவில்லை.

அலறக்கூட நேரமில்லை. ரன்வே எதிரே வந்துவிட்டது. இடப்பக்கமிருந்து காற்று அறைந்தது. இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது பெடலை மிதித்தாள்.

அது அசையவில்லை.

ஸ்டிக் அவள் வயிற்றை நோக்கி வந்தது. அவள் இழுக்கவில்லை... 3:51. மூக்கு வானத்தைப் பார்த்தது. வேகம் அறுபது... ஐம்பது... நாற்பத்தைந்து. இன்னும் கொஞ்சம் குறைந்தால் விமானம் அப்படியே விழும். தரை எழுபது அடி கீழே. எஞ்சினை முழுக்கத் திறந்தாள். போதவில்லை. உடம்பெல்லாம் உதறியது விமானம்.

புதிதாகக் கற்பவர்களுக்கு இப்படி ஆவதுண்டு. பயத்தில் கைகால் விறைத்துப் பிடித்ததை விடமாட்டார்கள். பின்னால் இருப்பவர் ஓங்கி ஒன்று வைத்தால்தான் இருவரும் பிழைக்கலாம். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், யாரும் வெளியே சொல்வதில்லை.

"விடுடா! கையை விடுடா!"

விடவில்லை. தோளில் குத்தினாள். சதை. சூடாக இருந்தது.

பக்கத்தில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரை இடது கையால் பிடுங்கினாள். பிடரியில் இறக்கினாள்.

மடக்...

"அம்மா..."

மறுபடி ஓங்கினாள். ஸ்டிக்கைப் பார்க்கத் தோன்றவில்லை.

மடக்.

ஸ்டிக் தளர்ந்திருந்தது. மூக்கை அமுக்கினாள். சக்கரம் தரையில் இடித்து, எகிறி, மறுபடி இடித்தது. வால் வலப்பக்கம் வீசியது. பெடலை எட்டி உதைத்தாள். இடது இறக்கை மேலே கிளம்பியது. நான் ஓடிப்போய் அதில் தொங்கினேன்.

3:52. விமானம் நின்றது.

முன் இருக்கை காலி. பெல்ட், அவள் பூட்டியபடியே இறுக்கமாக. சிலிண்டர் அவள் மடியில், கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக.

இறங்கி வாந்தி எடுத்தாள். "ரெண்டு தடவை அடிச்சேண்ணா. ஆளை அடிச்சேன். அம்மான்னான்..." என்று சொல்லி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "அவன் பொழச்சானா?"

பழைய பதிவேடுகளைத் தோண்டினேன். முப்பத்தொரு வருஷம் முன்பு அதே விமானம், அதே மாதிரிக் காற்றில், இறங்கும்போது புரண்டிருக்கிறது. முன்னால் இருந்த புதுப் பையன் செத்துப்போனான். பின்னால் இருந்த வாத்தியார் தப்பித்தார். தேடிப் போனேன். மகள் வீட்டு மாடியில், ஜன்னலை அடைத்துக்கொண்டு இருந்தார்.

"உங்க பழைய விமானத்தை நாங்க வாங்கியிருக்கோம், சார்" என்று மட்டும் சொன்னேன். தங்கையைப் பற்றி மூச்சு விடவில்லை.

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"நான் அடிக்கல, தம்பி. கைகூட ஓங்கல. என் தோளை ஒட்டி ஒரு பொம்பளை கை வந்துச்சு. விடுடான்னு சத்தம். கோர்ட்ல சொன்னேன், சிரிச்சாங்க. பிடரியில ஒரு அடி இருந்திருந்தா தொழில்ல சகஜம்னு விட்டிருப்பாங்க. ரெண்டு இருந்துச்சு. கொலைன்னுட்டாங்க. ஏழு வருஷம் ஜெயில்."

கிளம்ப எழுந்தேன். கதவுவரை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. முதல் அடியிலேயே பையன் கையை விட்டுட்டான்."

இன்னும் அவளிடம் சொல்லவில்லை.